முகத்துக்கு முன் முதுகைப் பாருங்கள்: பழைய டிக்கி, பழங்குடிப் பாணி மரச்சிற்பங்களின் ஊரைக் கண்டுபிடிக்க ஒரு வழிகாட்டி

ஒன்பது வருடங்களுக்கு முன் கலிபோர்னியாவில் ஒரு கராஜ் சேலில் 12 டாலருக்கு ஒரு டிக்கி, அதாவது பசிபிக் தீவுப் பாணி மரச்சிலை வாங்கினேன். ஒரு முழ உயரம். உருண்டைக் கண், பல் தெரிய விரிந்த வாய், வயிற்றின் மேல் கை. விற்ற அம்மா "ஹவாய் சாமி" என்றார். நானும் நம்பி, வீட்டுக்கு வந்தவர்களிடம் எல்லாம் இரண்டு வருடம் அப்படியே சொன்னேன். அலமாரியை மாற்றிய ஒரு நாள் சிலையைக் கவிழ்த்தபோது, அடியில் ஒட்டியிருந்த பச்சை ஃபெல்ட் துணியின் ஒரு மூலை பிரிந்திருந்தது. உள்ளே மங்கிய நீல மையில் பிலிப்பைன்ஸ் என்று ரப்பர் ஸ்டாம்ப்.

அன்று முதல் நான் பிடித்துக்கொண்ட விதி ஒன்றுதான். முகத்தைக் கடைசியில் பார்க்க வேண்டும். முகத்தை யார் வேண்டுமானாலும் காப்பியடிக்கலாம், அப்படித்தான் அடித்திருக்கிறார்கள். மரம், உளித்தடம், அடிப்பாகம், முதுகு இவற்றை மாற்றிச் செய்ய யாரும் மெனக்கெடுவதில்லை. ஊர் அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

வேலைக்குள் இறங்குமுன் கொஞ்சம் பின்னணி. டிக்கி என்பது பாலினீசியச் சொல். ஹவாய், நியூசிலாந்து, ஈஸ்டர் தீவு மூன்றுக்கும் நடுவே விரியும் பசிபிக் தீவுகள்தான் பாலினீசியா. நியூசிலாந்தின் மாவோரிகளிடம் முதல் மனிதனின் பெயர் அது. மார்கேசாஸ் தீவுகளில் தெய்வ, முன்னோர் உருவங்களுக்கு அந்தப் பெயர். 1930களில் ஹாலிவுட்டில் டான் த பீச்கோம்பர், ஓக்லாந்தில் ட்ரேடர் விக்'ஸ் என்று தென்கடல் அலங்காரத்தோடு மதுக்கூடங்கள் வந்தன. இரண்டாம் உலகப்போரில் பசிபிக் தீவுகளைப் பார்த்த சிப்பாய்கள் ஊர் திரும்பினார்கள். 1959-இல் ஹவாய் அமெரிக்க மாநிலமானது. அப்புறம் வீட்டுத் தோட்டம், பார், ஹோட்டல் எங்கும் டிக்கி. அந்தத் தேவையை நிரப்பத் தீவுகளின் சிற்பிகள் மட்டும் போதவில்லை. பிலிப்பைன்ஸ், ஜப்பான், தைவான், கலிபோர்னியா, வாஷிங்டன் மாநிலம் எல்லாம் சேர்ந்துகொண்டன. இன்று கடைக்கு வரும் புதிய சிலைகளில் பெரும்பங்கு இந்தோனேசியாவிலிருந்து வருகிறது.

"பழங்குடிப் பாணி" என்பது விற்பவரின் சொல். பப்புவா நியூ கினி, கென்யா, ஹைட்டி, இந்தோனேசியாவின் லோம்போக் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட அது உதவுகிறது. கூடையைப் பிரித்து அடுக்குவதுதான் நம் வேலை.

முதலில், கழுவாதீர்கள்

வாங்கி வந்ததும் ஈரத்துணியால் துடைக்கவோ எண்ணெய் பூசவோ வேண்டாம். நான் ஒரு முகமூடிக்கு ஆளி எண்ணெய் தேய்த்தேன். பள்ளங்களில் வெள்ளையாக நின்றது தூசி என்று நினைத்தேன். அது சுண்ணாம்பு. செதுக்கிய கோடுகளில் சுண்ணாம்பு நிரப்புவது பப்புவா நியூ கினியின் கிழக்கே ட்ரோப்ரியாண்ட் தீவுகளில் பழக்கம். எண்ணெய் பட்டதும் கோடுகள் மங்கிப்போய், கையிலிருந்த நல்ல சான்று ஒன்று போய்விட்டது. உலர்ந்த மென்மையான பிரஷ் போதும். அதையும் எல்லாக் கோணத்திலும் படம் எடுத்தபிறகு செய்யுங்கள்.

தேவையான சாமான்கள்: ஒரு டார்ச், ஒரு பூதக்கண்ணாடி, ஒரு சமையலறைத் தராசு, முடிந்தால் சின்ன புற ஊதா டார்ச். அவ்வளவுதான்.

கவிழ்த்துப் பாருங்கள்

அடியில் ஸ்டிக்கர், ஸ்டாம்ப், பென்சில் எழுத்து, எண், ஃபெல்ட் எதுவாக இருந்தாலும் படம் எடுங்கள். ஸ்டிக்கர் விழுந்துபோன இடத்தில் பசை ஒரு செவ்வகமாக நிற்கும். சாதாரண வெளிச்சத்தில் தெரியாததைப் புற ஊதா வெளிச்சம் பல நேரம் காட்டிவிடும். ஃபெல்ட் தளர்ந்திருந்தால் மூலையை மெதுவாகத் தூக்கலாம். உறுதியாக ஒட்டியிருந்தால் பிய்க்க வேண்டாம்.

அமெரிக்காவில் இறக்குமதிப் பொருளில் பிறந்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்ற விதி 1890-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வருகிறது. மரச்சிற்பத்துக்குக் காகித ஸ்டிக்கரே போதும் என்பதால் பலவற்றில் அது உதிர்ந்துவிட்டது. ஆனால் சுற்றுலா போனவர் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்த பொருளில் அது ஆரம்பத்திலேயே இருந்திருக்காது. அங்கே பால்பாயிண்ட் பேனாவில் ஊர் பெயரும் தேதியும் எழுதியிருக்க வாய்ப்பு அதிகம். கையெழுத்தை ஸ்டாம்பைவிட நான் கவனமாகப் படிப்பேன். வாங்கிய ஊரை அந்த ஆளே எழுதியது அது.

நாட்டின் பெயர் இருந்தால் வயதும் கூடவே கிடைக்கும். நியூ ஹெப்ரைட்ஸ் என்றிருந்தால் 1980-க்கு முன், அதன்பின் அது வனுவாட்டு. பப்புவா நியூ கினி டெரிட்டரி என்றிருந்தால் 1975 விடுதலைக்கு முன். மேற்கு சமோவா 1997 வரை. ஸயர் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) என்ற பெயர் 1971 முதல் 1997 வரை. ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான் என்ற முத்திரை 1952-க்குள் முடிந்தது. அமெரிக்க முகவரியில் ஐந்து இலக்க ஸிப் எண் இருந்தால் 1963-க்குப் பிந்தையது. பார்கோடு இருந்தால் 1974-க்குப் பிந்தையது. பழைய ஸ்டிக்கர்க் கட்டு தீரும்வரை ஒட்டுவார்கள் என்பதால் ஓரிரு வருடம் முன்பின் விட்டுக்கொள்ளுங்கள்.

கம்பெனிப் பெயரை ஊர்ப் பெயராக எடுத்துக்கொள்வதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு. டிக்கி கோப்பைகளில் அடிக்கடி காணும் ஆர்க்கிட்ஸ் ஆஃப் ஹவாய் நியூயார்க்கில் இருந்த நிறுவனம், அதன் கோப்பைகள் பல ஜப்பானில் செய்தவை. ஹவாய் என்ற எழுத்து விற்ற இடத்தை, சில நேரம் விற்றவரின் ஆசையை மட்டுமே சொல்லும். ஆஸ்திரேலியாவில் இந்தோனேசியாவில் செய்த பூமராங், டிஜெரிடூ போன்றவற்றை ஆதிக்குடிகளின் கைவேலை என்று தோன்றும்படி விற்ற ஒரு மொத்த வியாபார நிறுவனத்துக்கு 2019-இல் நீதிமன்றம் 23 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது. விற்பனையான பொருட்கள் 18,000-க்கு மேல். அட்டையில் என்ன எழுதியிருந்தாலும் பொருளையே கேளுங்கள்.

என்ன மரம்?

இந்த இடத்தில் தமிழ் ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு ஒரு பெரிய அனுகூலம் இருக்கிறது. பசிபிக் சிற்பிகள் கையில் எடுக்கும் மரங்களில் பல நம் ஊர் மரங்கள்.

ஹவாய் கடைகளில் மங்கிபாட் என்று விற்பது நம் தூங்குமூஞ்சி மரம். சாலையோரம் குடை விரித்து, மாலையில் இலை மடக்கும் அதே மரம். தென் அமெரிக்கப் பக்கத்திலிருந்து அங்கேயும் போனது, இங்கேயும் வந்தது. அடையாளம் எளிது: உள்வைரம் சாக்லேட் பழுப்பு, பட்டையை ஒட்டிய வெளிமரம் மஞ்சள் கலந்த வெளுப்பு, இரண்டும் ஒரே துண்டில் அடுத்தடுத்து நிற்கும். ஹவாயிலும் இதில் செதுக்கினார்கள், பிலிப்பைன்ஸில் அதைவிட நிறையச் செதுக்கினார்கள். இந்தோனேசியாவில் இதற்கு சுவார் என்று பெயர். ஆகவே தூங்குமூஞ்சி என்று தெரிந்தால் "பழைய பாலினீசியப் பொருள்" என்ற நினைப்பை விட்டுவிட்டு, இருபதாம் நூற்றாண்டின் விற்பனைப் பொருள் என்று வைத்துக்கொள்ளலாம். என் 12 டாலர் சிலையும் இதுதான்.

பூவரசு அங்கே மிலோ அல்லது மிரோ. மார்கேசாஸ், டஹிட்டி, ஹவாய் எல்லா இடத்திலும் கடற்கரை மரம். வைரம் பாய்ந்த பூவரசின் சிவப்பு கலந்த கரும்பழுப்பைப் பார்த்தவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. புன்னை ஹவாயில் கமானி, டஹிட்டியில் டமானு. சவுக்கு மார்கேசாஸில் டோவா. கையில் எடுத்தால் இரும்புபோல் கனக்கும், கதாயுதங்கள் அதில்தான் செய்தார்கள். ஒரு டிக்கி பூவரசிலோ சவுக்கிலோ இருந்து, வேலையும் நுணுக்கமாக இருந்தால் எனக்கு நெஞ்சு படபடக்கும். தீவிலேயே ஒருவர் உட்கார்ந்து செதுக்கியிருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.

கோவா ஹவாயில் மட்டுமே காடாக வளர்வது. நம் கத்திச்சவுக்குக்கு உறவு. திருப்பினால் பட்டுப்போல் மினுங்கும் ரேகை. விலை அதிகம் என்பதால் பெரிய சிலைகளுக்கு அரிதாகவே பயன்படும்.

தென்னங்கட்டையை உங்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டாம். வெளிர் மரத்தில் கருஞ்சிவப்பு ஊசிகளாக நார் ஓடும். இந்த மரத்தில் ஆளுயரத்துக்கு நிற்கும், பளிச் வண்ணம் தீட்டிய, வாய் பிளந்த டிக்கிகள் அண்மைக்கால இந்தோனேசியத் தோட்ட அலங்காரங்களாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கையில் எடுத்ததும் "இவ்வளவு பெரிசு, இவ்வளவு லேசா?" என்று தோன்றும் முகமூடிகளின் ஊரையும் முதலில் இந்தோனேசியாவில் தேடுங்கள். மூங்கில் வேரடியில் வேர்களைத் தாடியாக விட்டுச் செதுக்கிய கிழவர் தலைகள் பழைய பொருள் விற்கும் த்ரிஃப்ட் கடையில் வாரம் ஒன்று கண்ணில் படும். அவை ஆசிய வேலை. பாலினீசியாவோடு சம்பந்தம் இல்லை.

கிழக்கு ஆப்பிரிக்கக் கருமரம் நம் ஈட்டி மரத்துக்கு ஒன்றுவிட்ட உறவு. தண்ணீரில் போட்டால் மூழ்கும் கனம். (போட்டுப் பார்க்காதீர்கள், தராசில் வைத்தாலே தெரியும்.) டான்சானியா, மொசாம்பிக் பக்கத்து மக்கோண்டே மக்களின் சிற்பங்கள் இதில்தான் புகழ்பெற்றன. கருப்பாகத் தெரிவது எல்லாம் கருமரம் ஆகாது. அடியில் எங்காவது தெறித்த விளிம்பைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். உள்ளே வெளுப்பாக இருந்தால் மேலே இருப்பது ஷூ பாலிஷோ சாயமோதான்.

மரமே இல்லாததும் உண்டு. ஹவாயின் கோகோ ஜோ'ஸ் பொம்மைகள் அச்சில் வார்த்தவை. எரிமலைக்கல் தூளும் ரெசினும் கலந்தவற்றை லாவா என்றும், மரத்தோற்றம் தருபவற்றை ஹப்பா வுட் என்றும் விற்றார்கள். ஹப்பா என்றால் ஹவாய் மொழியில் பாதி. அடியில் பெயரும் எண்ணும் இருக்கும். அவற்றைச் சேகரிக்கத் தனி ஆட்களே இருக்கிறார்கள். வார்ப்பைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி, ரேகையைப் பின்தொடர்வது. உண்மை மரத்தில் பக்கவாட்டில் இறங்கும் ரேகை அடிப்பாகத்துக்குப் போனதும் வளையமாக மாறும். வார்ப்பில் பக்கத்தில் ரேகை இருக்கும், அடியில் மொழுமொழுவென்று ஒன்றும் இருக்காது. ஓரங்களில் அச்சு சேர்ந்த கோடு, ஊசிமுனை அளவு காற்றுக்குமிழி இவற்றையும் தேடுங்கள். சூடான ஊசியால் குத்திப் பார்க்கும் சோதனையைப் பலர் சொல்வார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. கண்ணே போதும்போது காயம் எதற்கு?

உளித்தடம்

டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் வெட்டுகள் நிழலாக எழும். கையுளி வெட்டு ஒவ்வொன்றும் ஆழத்தில் சற்று மாறும். சுழலும் மின்கருவி ஒரே அகலத்தில் உருண்டை அடி கொண்ட கால்வாய் விட்டுச் செல்லும். கருக்கிய மரத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து ரேகையைப் புடைக்க வைத்திருந்தால் விட்கோ வேலையாக இருக்கலாம். அது வாஷிங்டன் மாநிலத்தில் வில்லியம் வெஸ்டன்ஹேவர் நடத்திய நிறுவனம். அமெரிக்க டிக்கி என்ற வகையில் அவற்றுக்கு இன்று நல்ல மதிப்பு. கலிபோர்னியாவின் விட்டியர் நகரில் 1956 முதல் 2021 வரை இயங்கிய ஓஷியானிக் ஆர்ட்ஸ் என்ற டிக்கி அலங்கார நிறுவனத்தின் வேலையும் அப்படித்தான். தீவில் பிறக்கவில்லை என்பதற்காக ஒரு சிலையை மட்டமாக எண்ண வேண்டியதில்லை. பிறந்த ஊரைச் சரியாகச் சொன்னால் அதுவே அதற்கான மரியாதை.

முகமூடியானால் பின்பக்கம்தான் முக்கியம். அணிந்து ஆடியதில் நெற்றியும் கன்னமும் படும் இடம் வழுவழுப்பாகும், விளிம்பில் நார் கட்டும் துளைகள் தேய்ந்திருக்கும், கண் வழியே பார்க்க முடியும். சுவருக்காகச் செய்ததில் பின்பக்கம் கரடுமுரடாக நிற்கும். ரம்பப்பல் வைத்த தகரக் கொக்கி ஒன்று அறைந்திருக்கும்.

இப்போது முகம்

இதுவரை பார்த்ததை ஒரு தாளில் எழுதியபிறகு முகத்துக்கு வாருங்கள்.

மார்கேசாஸ் டிக்கிக்கு முகத்தில் பாதியை அடைக்கும் வட்டக் கண், கோடாக அகன்ற வாய், மடங்கிய முழங்கால், வயிற்றில் கை, உடல் முழுக்க நுணுக்கமான கட்டக்கோலம். ஹவாய் உருவம் சண்டைக்குத் தயாராக நிற்பதுபோல் இருக்கும்: படுத்த எட்டு மாதிரி திறந்த வாய், தலைக்கு மேல் உயரும் கொண்டை அலங்காரம், உடலை விட்டு விலகித் தொங்கும் கைகள். மாவோரி வேலையில் சுருள் சுருளாக ஓடும் வடிவங்கள், சாய்ந்த தலை, நீட்டிய நாக்கு, மூன்று விரல் கை, பாவா சிப்பியில் நீலப்பச்சையாக மின்னும் கண். ராப்பா நூயி எனும் ஈஸ்டர் தீவில் விலா எலும்பு தெரியும் ஒல்லி மனிதன், வளைந்த மூக்கு, சின்ன தாடி. அதன் பெயர் மோவாய் கவகவா. குக் தீவுகளின் தெய்வம் டங்கரோவா தொப்பையோடு குட்டையாக நிற்பார். அந்த நாட்டின் ஒரு டாலர் நாணயத்திலும் அவரைப் பார்க்கலாம்.

இவை எல்லாம் ஒரே சிலையில் கலந்திருந்தால், அதாவது ஹவாய் வாய், மாவோரி சுருள், ஈஸ்டர் தீவு மூக்கு என்று இருந்தால், அது டிக்கி மோகத்துக்காகச் செய்தது. என் சிலைக்கு மார்கேசாஸ் கை, ஹவாய்ப் பல். அன்றே இதைப் படிக்கத் தெரிந்திருந்தால் ஃபெல்ட்டைத் தூக்கவே வேண்டியிருந்திருக்காது.

மெலனீசியா வேறு உலகம். பப்புவா நியூ கினியின் செப்பிக் ஆற்றுப் பக்க முகமூடிகளில் நீண்டு இறங்கும் மூக்கு, சோழி, காசோவரி இறகு, மண் பூச்சு. சாலமன் தீவு வேலை கருப்பு மரத்தில் வெண்சிப்பி பதித்து, தாடை முன்தள்ளியிருக்கும். இந்தோனேசியப் பப்புவாவின் அஸ்மத் மக்களுடையதில் சிவப்பு, வெள்ளை, கருப்பு மூன்று நிறம், முழங்கையும் முழங்காலும் சந்திக்கும் உடல். ஒரு நீளப் பலகையில் கதை மனிதர்களைப் புடைப்பாகச் செதுக்கியிருந்தால், மெலனீசியாவை விட்டு மைக்ரோனீசியாவின் பலாவு தீவுகள் ஞாபகத்துக்கு வரட்டும். 1929-இல் அங்கே போன ஹிஜிகாடா ஹிசகட்சு என்ற ஜப்பானியச் சிற்பி, கூட்டமன்ற வீடுகளின் உத்தரங்களில் இருந்த கதைகளைச் சின்னப் பலகைகளில் செதுக்க இளைஞர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அந்த மரபு இன்றும் தொடர்கிறது.

ஆப்பிரிக்கா என்று சீட்டு ஒட்டி வரும் செம்பழுப்பு மகோகனி முகங்களில் ஹைட்டியில் செய்தவையும் உண்டு. பிலிப்பைன்ஸ் மலைநாட்டு இஃபுகாவோ மக்களின் புலுல், நெற்களஞ்சியக் காவல் உருவம், டிக்கி அலமாரியில் அடிக்கடி தவறாக அமர்கிறது. கை மடக்கி உட்கார்ந்தோ நேராக நின்றோ இருக்கும், முகம் அமைதியாக இருக்கும், கத்தாது. நெல்லோடு வாழ்ந்த ஊரிலிருந்து வந்தவள் என்பதாலோ என்னவோ, எனக்கு அதன்மேல் தனிப் பிரியம்.

வயதும் ஒப்பீடும்

பழசாக்கிக் காட்டுவது ஒரு தொழில். சேறு பூசி, புகையிட்டு, வெளியில் போட்டு வைப்பார்கள். அப்படிச் செய்ததில் அழுக்கு எல்லாப் பள்ளத்திலும் ஒரே அளவில் இருக்கும். புழங்கிய பொருள் கை படும் இடத்தில் மட்டும் தேயும். பூச்சித் துளைகள் வயதுக்குச் சான்றாகா. துளையிலிருந்து மாவு உதிர்ந்தால் பூச்சி இன்னும் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். வண்ணமோ சிப்பியோ இல்லாத வெறும் மரமானால் பிளாஸ்டிக் பையில் இறுக்கக் கட்டி இரண்டு வாரம் ஃப்ரீசரில் வைத்துவிட்டு, பையைப் பிரிக்காமல் மெல்ல அறைச் சூட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

ஒப்பிட நான் போகும் இடங்கள் மூன்று: ஹொனலுலுவின் பிஷப் மியூசியம், வெலிங்டனின் டெ பாப்பா, லண்டனின் பிரிட்டிஷ் மியூசியம். இவற்றின் சேகரிப்புகளை இணையத்தில் படங்களோடு பார்க்கலாம். மூலம் எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பழகும். அப்புறம் ஏல விற்பனைத் தளங்களில் முடிந்த விற்பனைகளைப் பாருங்கள். உங்கள் சிலையின் இரட்டைப்பிறவி பத்து இடத்தில் கிடைத்தால் அது தொகுதியாகச் செய்தது. எங்காவது ஒன்றில் ஸ்டிக்கர் மிச்சமிருக்கும், அதுதான் நமக்கு வேண்டியது. விற்பவரின் தலைப்பை நம்பாமல் அடிப்பாகப் படத்தைத் தேடுங்கள்.

விற்பவரிடம் "இது எந்த நாடு?" என்று கேட்காதீர்கள், ஊகித்துச் சொல்வார். "இது யார் வீட்டிலிருந்து வந்தது, அவர் என்ன வேலையில் இருந்தார்?" என்று கேளுங்கள். கடற்படை, மிஷனரி, விமானப் பணி என்று ஒரு பதில் வந்தால் பாதி வழி கடந்தாயிற்று.

தொடாமல் விட வேண்டியவை

ஆமையோடு, திமிங்கலப் பல், தந்தம், பறவைச் சிறகு உள்ளவற்றை வாங்குவதற்கும் விற்பதற்கும் வேறு நாட்டுக்குக் கொண்டுபோவதற்கும் வனவுயிர்ச் சட்டங்கள் குறுக்கே நிற்கும். ஈட்டி இன மரங்கள் முழுக்க 2017 முதல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கின்றன. மனித முடியோ எலும்போ இருப்பதாகச் சந்தேகம் வந்தால் விலை பேசாமல் அருகிலுள்ள அருங்காட்சியகத்துக்குத் தெரிவியுங்கள். கென்யக் கடற்கரையின் மிஜிகெண்டா மக்கள் இறந்தவர் நினைவாக நடும் விகாங்கோ மரத்தூண்கள் திருடப்பட்டு அமெரிக்க வரவேற்பறைகள்வரை வந்திருக்கின்றன, சில அருங்காட்சியகங்கள் திருப்பி அனுப்பியும் இருக்கின்றன. ஆளுயரத்தில் தட்டையான பலகை, முக்கோண வெட்டுகள், வட்டத் தலை, மண்ணில் புதைந்து அரித்த கால் என்று ஒன்றைப் பார்த்தால் அது அலங்காரப் பொருள் இல்லை. ஒரு குடும்பத்தின் நடுகல் போன்றது.

எழுதி வையுங்கள்

கடைசி வேலை இது. ஒரு அட்டையில் பென்சிலால், உறுதியானதையும் ஊகத்தையும் பிரித்து எழுதிச் சிலையோடு வையுங்கள். பசையோ டேப்போ வேண்டாம், ஒரு நூலில் கட்டினால் போதும். நாளைக்கு அது வேறு கைக்குப் போகும்போது அவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

என் சிலையின் அட்டை இப்படி இருக்கிறது: "தூங்குமூஞ்சி மரம். 46 செ.மீ. கையுளி வேலை. அடியில் பிலிப்பைன்ஸ் ஸ்டாம்ப். மார்கேசாஸ், ஹவாய் சாயல்கள் கலந்தது. 1960–70களாக இருக்கலாம், உறுதியில்லை. சிற்பி பெயர் தெரியவில்லை."